அந்த மூச்சு யாருக்கு?

2024 மே மாதம், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தேன். அமெரிக்கா போகிற எல்லா அப்பாக்களுக்கும் வரும் அவஸ்தை எனக்கும் வந்தது. ராத்திரி தூக்கம் வராது, பகலில் கண் திறக்காது, தெருவில் இறங்கி நடந்தால் மருந்துக்கும் ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. விடியற்காலையில் காபி டம்ளரோடு வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் புல்வெளியை முறைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கால்களுக்குச் சொந்தக்காரர் எழுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி 2002-ம் வருட ஃபோர்டு எஃப்-250. உள்ளே 7.3 லிட்டர், எட்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். நம் ஊரில் பழைய அம்பாஸடரைப் பற்றிப் பேசும்போது சிலருக்குக் குரல் தழுதழுக்குமே, டெக்சாஸ்காரர்களுக்கு இந்த இன்ஜின் அப்படி. 1994-லிருந்து 2003 வரைதான் இதை பிக்கப்பில் போட்டார்கள். வைத்திருப்பவர்கள் விற்க மாட்டார்கள்.

"என்ன ரிப்பேர்?" என்று கேட்டேன். ரிப்பேர் இல்லையாம். ஒரு ஓஸை இடம் மாற்றுகிறாராம். அவருடைய டெக்சாஸ் இங்கிலீஷும் என்னுடைய மாயவரம் இங்கிலீஷும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை. மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வந்து நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

விஷயம் இதுதான். இன்ஜின் மண்டையில் இருக்கும் ஒரு மூச்சுக் குழாயை, கம்பெனிக்காரர்கள் காற்று உறிஞ்சும் பாதையிலேயே கொண்டு போய்ச் சேர்த்திருந்தார்கள். அதாவது இன்ஜின் விடுகிற மூச்சை இன்ஜினே திரும்ப இழுத்துக்கொள்ளும். இவர் அந்த இணைப்பைக் கழற்றி, ஓட்டையை அடைத்துவிட்டு, நீளமான ஒரு ரப்பர் ஓஸை மாட்டி, வண்டிக்கு அடியில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, தரையைப் பார்த்துத் தொங்கவிடுகிறார். ஒரு ஓஸ், இரண்டு கிளாம்ப், ஒரு அடைப்பான். அரை நாள் வேலை.

எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் ப்ரீதர் என்ற வார்த்தை மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் வைத்திருந்த டீசல் ஜீப்பில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ப்ரீதர்ல புகை தள்ளுது சார், ரிங்கு போயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால் அந்த மாதச் சம்பளம் காலி என்று அர்த்தம். இன்றைக்கும் நம் நெடுஞ்சாலைகளில் பழைய லாரிகளுக்கு அடியில் ஒரு குழாய் தொங்கி, சொட்டுச் சொட்டாக ஆயில் வடிந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதேதான் இது.

இன்ஜினுக்கு ஏன் மூச்சு? சிலிண்டருக்குள் டீசல் வெடிக்கும்போது, அந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றி மோதிரம் மாதிரி ரிங்குகள் இருக்கும். ரிங்கில் ஒரு சின்ன வெட்டு இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அதை மாட்டவும் முடியாது, சூட்டில் விரிய இடமும் இருக்காது. அந்தச் சந்து வழியாகவும், ரிங்கின் ஓரங்களிலும் கொஞ்சம் வாயு கீழே நழுவிவிடும். ப்ளோ-பை என்பார்கள். புது இன்ஜினிலும் நழுவும், கிழ இன்ஜினில் அதிகமாக நழுவும். கீழே கிராங்க் கேஸில் ஆயில் சுழன்று அடித்துக்கொண்டிருக்கிறது. நழுவிய வாயு அந்த ஆயில் சாரலையும், கொஞ்சம் கரியையும், நீராவியையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வழி தேடும். வழி விடாவிட்டால் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஆகவே ஒரு துவாரம் அவசியம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. துவாரத்தின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் தகராறு.

மோட்டார் வண்டி வந்த காலத்திலிருந்து பல வருஷங்களுக்கு அதை ரோட்டைப் பார்த்துத்தான் திருப்பி வைத்திருந்தார்கள். ரோடு டிராஃப்ட் ட்யூப் என்று பெயர். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி விட்டால், வண்டி ஓடும் வேகத்தில் காற்றே உள்ளிருப்பதை உறிஞ்சி வெளியே போட்டுவிடும். அமெரிக்காவின் பழைய சிமென்ட் சாலைகளில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு கறுப்புக் கோடு ஓடியதற்கு இந்தக் குழாய்கள் சொட்டிய ஆயிலும் ஒரு காரணம்.

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸில் கண் எரிந்தது. 1940-களில் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம் நகரத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. கால்டெக்கில் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியல்காரர், அன்னாசிப்பழ வாசனை எதனால் வருகிறது என்று சாவகாசமாக ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஊர்க் காற்றையும் அதே மாதிரி பிரித்துப் பார்த்தார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் சமைந்து ஓசோனாக மாறுவதை 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். பெட்ரோல் காரிலிருந்து வரும் அந்த ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சைலன்சரிலிருந்து வரவில்லை. யாரும் கவனிக்காத அந்த மூச்சுக் குழாயிலிருந்து வந்தது.

தீர்வு ரொம்பச் சுலபம். குழாயின் வாயை இன்ஜின் பக்கமே திருப்பி, நடுவில் சின்னதாக ஒரு வால்வு. நீ விட்ட மூச்சை நீயே இழு. கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களில் வந்தது, நாடு முழுக்க 1963 மாடல்களில். அந்த இரண்டு வருட இடைவெளியும் சும்மா விழுந்ததில்லை என்று அமெரிக்க அரசு பிற்பாடு சந்தேகப்பட்டது. மாசைக் குறைக்கும் சாதனங்களைத் தாமதப்படுத்தப் பெரிய கார் கம்பெனிகள் கூடிப் பேசிவைத்துக்கொண்டன என்று 1969 ஜனவரியில் வழக்கே போட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், இனிமேல் அப்படிச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்து அதே வருஷம் முடித்துக்கொண்டார்கள். விலை குறைந்த ஒரு வால்வுக்கு இவ்வளவு ரகளை.

டீசலை மட்டும் ரொம்ப நாள் விட்டுவைத்தார்கள். டீசல் இன்ஜின் அழுத்துவது வெறும் காற்றை. எரிபொருள் கடைசி நொடியில்தான் பீச்சப்படுகிறது. அதனால் நழுவும் வாயுவில் எரிபொருள் ஆவி குறைவு. தவிர, பெரிய டீசல் இன்ஜின்களில் டர்போ இருக்கும். ஆயில் கலந்த மூச்சை டர்போ வழியாகத் திருப்பி அனுப்பினால் அது அழுக்காகும் என்று கம்பெனிகள் சொல்ல, அரசும் தலையாட்டிவிட்டது. கனரக டர்போ டீசல்களுக்கு அந்தச் சலுகை முடிந்தது 2007 மாடலில்தான். நம் பக்கத்து வீட்டுக்காரரின் 2002 வண்டியில், சலுகை இருந்த காலத்திலேயே மூச்சை உள்ளே திருப்பியிருந்தார்கள். அவர் கோபமே அதுதான். 'இவங்களா வேலி போட்டுக்கிட்டாங்க' என்கிற மாதிரி பேசினார்.

அவர் பக்க நியாயத்தை அவரே காட்டினார். டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்தார். கன்னங்கரேல் என்று பிசுபிசுப்பு. அந்த ஆயில் டர்போ இறக்கைகளில் படிகிறது. காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் போய்த் தேங்குகிறது. ரப்பர் இணைப்புகளை ஊறவைத்து இளக்குகிறது. மேட்டில் குதிரை ட்ரெய்லரை இழுக்கும்போது ஊறிப்போன ரப்பர் பட்டென்று கழன்றுகொள்கிறது. ஒருமுறை நடு நெடுஞ்சாலையில் நின்றிருக்கிறார்.

கறுத்த விரலை என் மூக்குக்கு நேராக நீட்டிச் சொன்னார்: "இதை உங்க நுரையீரலுக்குள்ள வச்சுப்பீங்களா? என் வண்டி மட்டும் ஏன் வச்சுக்கணும்?"

மாப்பிள்ளை அதை மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப ரோட்டுல போறவங்க நுரையீரல்?" என்று கேட்கச் சொன்னேன்.

"மாமா, நீங்க சும்மா இருங்க" என்றார் மாப்பிள்ளை. ஆனாலும் கேட்டார்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிழக்குத் திசையில் கையைக் காட்டினார். ஹூஸ்டன் கப்பல் கால்வாய் அங்கேதான். கரை நெடுக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். "அங்கே ராத்திரி பகலா எரியுது. அதுக்கு முன்னால என் ஓஸ் எம்மாத்திரம்? ஒரே ஒரு ஆள் இதனால இருமினார்னு காட்டுங்க, இப்பவே கழட்டிடறேன்."

காட்ட முடியாது. அதுதான் சிக்கலே.

அவர் கேட்டதை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. படித்த தத்துவப் பேராசிரியர்களே இதில் திணறியிருக்கிறார்கள். வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சும்மா ஜாலிக்காக, பெட்ரோலை மொடக் மொடக்கென்று குடிக்கும் பெரிய வண்டியில் ஒரு ரவுண்டு போகிறேன். பூமி சூடாவதற்கும் என் ஒரு ரவுண்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் போகாவிட்டால் ஒரு வெள்ளம் நிற்குமா, ஒரு புயல் திரும்புமா? ஒவ்வொரு அறநெறிக் கொள்கையாக எடுத்து உரசிப் பார்த்துவிட்டு, 'நான் செய்தது தப்பு என்று நிரூபிக்க எந்தக் கொள்கையும் உதவவில்லை' என்று முடித்தார். அரசாங்கம் ஏதாவது செய்யவேண்டும் என்று மட்டும் சொன்னார். படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிம்மதியைக் கெடுக்க டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயர் இருக்கிறார். 1984-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு பயங்கரக் கற்பனை செய்தார். ஆயிரம் கைதிகள், ஆயிரம் சித்திரவதைக்காரர்கள். பழைய முறையில் ஆளுக்கொரு கைதி. ஒரு கருவியின் விசையை ஆயிரம் தடவை திருப்புவார்கள், கைதி துடிப்பான். பிறகு முறையை மாற்றுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பட்டனை அழுத்துகிறார். அது ஆயிரம் கைதிகளின் விசையையும் ஒரே ஒரு தடவை திருப்புகிறது. ஒரு திருப்பலில் வலி கூடியதா என்று கைதிக்கே தெரியாது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்ததும் ஆயிரம் கைதிகளும் பழையபடியே துடிக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு சித்திரவதைக்காரரும், 'நான் யாருக்கும் கூடுதலா வலி கொடுக்கலையே' என்று கையை விரிக்கலாம். கையை விரிப்பவரை விட்டுவிடலாமா?

மாடியில் படுத்துக்கொண்டு இந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றி யோசித்ததில், எனக்குப் பெரியவரின் விரல்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தபோது அவர் என்ன நிரூபித்தார்? இந்த மூச்சு அழுக்கு, ரப்பரையே இளக்கிவிடும், இரும்பு இறக்கையில் கரியாகப் படியும் என்று. கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டியபோது என்ன நிரூபித்தார்? இது ஒன்றுமே இல்லை, தூசு என்று. இரண்டும் ஒரே குழாயில் வரும் ஒரே வாயு. தன் இன்ஜினுக்குள் போகும்போது ஒரு தராசு, ஊர்க் காற்றில் போகும்போது வேறு தராசு. ஒன்றுமே இல்லாத வஸ்து என்றால் எதற்காக சனிக்கிழமை காலையில் முதுகு வலிக்க அடியில் படுத்து அதை வெளியே அனுப்பவேண்டும்?

மறுநாள் இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் இன்ஜினீயர், லேசில் விடமாட்டார். "மாமா, குழாய்க்குள்ள அது அடர்த்தியா இருக்கு. வெளிய வந்தா காத்துல கரைஞ்சிடுது. காவிரியில ஒரு ஸ்பூன் உப்பைப் போடற மாதிரி. ரெண்டு தராசு இல்ல, தராசு ஒண்ணுதான்" என்றார்.

நியாயமான பதில். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எப்போதுமே கரைந்துவிடுகிறதா? அமெரிக்காவின் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகளைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். பழைய பேருந்துகளில் இதே மூச்சுக் குழாய், முன்பக்கம் பானெட்டுக்கு அடியில் திறந்த வாயோடு இருந்தது. பிள்ளைகள் ஏறும் கதவு அதற்குச் சற்றுப் பின்னால். 2005-ல் க்ளீன் ஏர் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற அமைப்பு சிகாகோ, அட்லாண்டா, ஆன் ஆர்பர் நகரங்களில் பேருந்துக்குள் கருவிகளை வைத்து அளந்து பார்த்து அறிக்கை வெளியிட்டது. சைலன்சர் புகையைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்குள் மிதந்த நுண்துகள்களில் பெரும் பங்கு அந்த முன்பக்க மூச்சுக் குழாயிலிருந்து வந்தது தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும். அடியிலிருந்து கிளம்புவது பிள்ளைகளோடு சேர்ந்து உள்ளே ஏறிக்கொள்ளும். சைலன்சருக்கு விலையுயர்ந்த வடிகட்டி மாட்டியும் இது குறையவில்லை. மூச்சுக் குழாயை மூடி, அதற்கென்று ஒரு வடிகட்டி வைத்தபோதுதான் குறைந்தது.

காவிரியில் போட்ட உப்பு கரையும். அதே ஸ்பூனை ஒருவர் குடிக்கப்போகும் டம்ளரில் போட்டால்? குழாயைத் தரைப் பக்கம் திருப்பி விடுபவருக்கு, அது ஆற்றில் போகிறதா டம்ளரில் போகிறதா என்று தெரியாது. பெரும்பாலும் ஆற்றில்தான் போகும். சிக்னலில் நிற்கும்போது, பள்ளிக்கூட வாசலில் வரிசையில் காத்திருக்கும்போது, கராஜுக்குள் ஸ்டார்ட் செய்யும்போது டம்ளரில் போகும். 'கரைந்துவிடும்' என்பதை அளந்து பார்த்துச் சொல்பவர்கள் குறைவு. நமக்குச் சௌகரியம் என்பதால் அப்படி நம்பிக்கொள்கிறோம்.

இவ்வளவு சுலபமாகப் பெரியவரைக் கூண்டில் ஏற்றுகிறேனே, எனக்கு என்ன யோக்கியதை என்று பார்க்கலாம்.

2012. தமிழ்நாடே மின்வெட்டில் தவித்த வருஷம். சென்னையில் தினமும் 2 மணி நேரம் போகும். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு, "ரெண்டு மணி நேரம்தானா?" என்று பொறாமைப்படுவார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் டீசல் ஜெனரேட்டர் உண்டு. அதன் புகைக் குழாய் பின்பக்கம் இரண்டாவது மாடி பால்கனிகளைப் பார்த்து இருந்தது. அதில் ஒன்று எங்களுடையது. திரைச்சீலை கறுத்தது, மனைவிக்கு இருமல் வந்தது. அசோசியேஷன் கூட்டத்தில் நான்தான் எழுந்து பேசினேன். நன்றாகவே பேசினேன். குழாயை வளைத்து, காம்பவுண்டு சுவருக்கு மேலாகச் சந்துப் பக்கம் திருப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. செலவைப் பகிர்ந்துகொண்டோம். ஒரே நாளில் வெல்டர் வந்து முடித்துக் கொடுத்தார்.

சந்தில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கள் குடியிருப்பு முழுக்கத் துணி தேய்த்துக் கொடுப்பவர்கள். கூட்டத்தில் அந்த வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை. சத்தியமாக யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, வெள்ளைச் சட்டையில் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி. தேய்த்து வந்த துணியில் டீசல் வாடை. சந்துக்குப் போய், "என்னப்பா, துணியெல்லாம் வாடை அடிக்குது, கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?" என்று நான்தான் கேட்டேன். அவர் நிமிர்ந்து சுவருக்கு மேலே குழாயை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "பாத்துக்கறேன் சார்" என்றார். அடுத்த வாரம் வண்டி வேப்பமர நிழலை விட்டு, தெருக்கோடியில் வெயிலில் நின்றது. அந்தக் கரிப்பெட்டி இஸ்திரியோடு, ஏப்ரல் வெயிலில்.

காரணம் புரிய எனக்கு இன்னும் சில நாள் பிடித்தது. புரிந்த பிறகு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு கூட்டம் கூட்டி, இன்னொரு முறை வசூல் செய்து, குழாயை மொட்டை மாடிக்கு மேல் ஏற்றியிருக்கலாம். உயரத்துக்கு ஏற்றுவதுதான் முறையும் கூட. செலவு அதிகம் என்று அப்போது ஒருவர் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை. மின்வெட்டு பிற்பாடு குறைந்துவிட்டது. குழாய் இன்றும் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.

அதனால்தான் பெரியவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, இதே பிக்கப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, முன்பின் தெரியாத குடும்பங்களை மூன்று நாள் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்று தெருவே சொல்கிறது. என் மகள் வீடு மாறி வந்த அன்று, கூப்பிடாமலே வந்து சோபாவை ஒரு பக்கம் தூக்கினார். கண்ணுக்குத் தெரியும் மனிதருக்காக எதையும் செய்வார். குழாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் கூட்டத்தில் இஸ்திரிக்காரர் தெரியாமல் போன மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் சுத்தக் காற்றுச் சட்டத்தை 1990-ல் திருத்தியபோது, மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தை மெக்கானிக்தான் என்றில்லை, வண்டிக்குச் சொந்தக்காரரே கழற்றினாலும் குற்றம் என்று ஆக்கினார்கள். பெரியவர் வாங்கிய ஓஸ் வந்த பெட்டியில் பொடி எழுத்தில், 'பொதுச் சாலைகளில் உபயோகிப்பதற்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. விற்பவருக்கு அந்த ஒரு வரி போதும். டெக்சாஸில் பெட்ரோல் வண்டிகளுக்குச் சில மாவட்டங்களில் புகைச் சோதனை உண்டு, டீசலுக்குக் கிடையாது. ஆக, பானெட்டைத் திறந்து பார்க்கப்போகிறவர் யாருமில்லை. பிளேட்டோ சொன்ன கதை ஒன்று உண்டு. விரலில் போட்டுத் திருகினால் ஆள் மறைந்துபோகும் மோதிரம் ஒன்று ஒரு மேய்ப்பனுக்குக் கிடைக்கிறது. அவன் ராணியை மயக்கி, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். நமக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இல்லை. யாரும் பார்க்காதபோது ஒரு ஓஸைத் திருப்பி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. மூச்சை உள்ளேயே திருப்பி விட்டு, பாதையில் ஒரு வடிகட்டிப் புட்டியை வைத்துவிட்டால் ஆயில் அதில் தங்கிவிடும். வாயு மட்டும் இன்ஜினுக்குப் போகும். டர்போவும் பிழைக்கும், தெருவும் பிழைக்கும். 2007-க்குப் பிறகு வந்த சில இன்ஜின்களில் கம்பெனியே அப்படி வடிகட்டி வைத்துத் தருகிறது. மாப்பிள்ளை மூலமாக இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும்" என்றார் பெரியவர். "விலை நாலு மடங்கு. அதுவும் போகட்டும். ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் புட்டியைக் கழட்டிக் கொட்டணும். அந்தக் கசண்டைக் கையால தொடணும். இப்ப நான் எதையும் தொட வேண்டாம், பாருங்க."

இவ்வளவு நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அழுக்கு நம்மிடமே இருந்தால், வாரத்துக்கொரு தரமோ வருஷத்துக்கொரு தரமோ அதன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வெளியே விட்டுவிட்டால் பார்க்கவேண்டாம். செலவைக் காட்டிலும் அந்தப் பார்க்கவேண்டாம் என்பதற்குத்தான் மனிதர்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் அசோசியேஷன் கொடுத்ததும் அதற்குத்தான்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. நான்கு பெரிய பெட்டி, இரண்டு கைப்பை, மகள் கட்டிக் கொடுத்த ஒரு மைக்ரோவேவ். மாப்பிள்ளையின் காரில் அடங்கவில்லை. பெரியவர் தானாகவே வந்து பெட்டிகளை பிக்கப்பின் பின்னால் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினார். என்னை முன் சீட்டில் உட்கார்த்திக்கொண்டார். மகளும் மாப்பிள்ளையும் மனைவியோடு காரில் முன்னால் போனார்கள்.

விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் நீளமான சிவப்பு விளக்கு. வண்டி நின்று, இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாடை ஏறியது. சூடான ஆயில் வாடை, என் பழைய ஜீப்பின் வாடை. ஓடும்போது காற்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றால் அடியிலிருந்து மேலே வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிறது.

பெரியவர் மூக்கைச் சுளித்தார். ஜன்னலை ஏற்றினார். ஏ.சி.யில் வெளிக்காற்று வராதபடி பட்டனைத் தட்டினார். மாப்பிள்ளை இல்லாததால், எனக்குப் புரியவேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"ஓஸ் நீளம் போதலை. அடுத்த வாரம் இன்னும் ஆறடி வாங்கி, பின்பக்க பம்பர் வரைக்கும் கொண்டு போயிடறேன். அப்புறம் வாடையே வராது."

தலையாட்டினேன். பக்கவாட்டுக் கண்ணாடியில், பம்பரை ஒட்டினாற்போல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றிருந்தது. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு பையன், விளக்கைப் பார்த்தபடி. சொல்லலாமா என்று வாயெடுத்தேன். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் என் நாலு பெட்டியும் இருந்தது.